காலைக் காட்சியில் ஓர் ஒப்பாரி

ஒருவனை நான் மைக் ஸ்டாண்டால் அடித்திருக்கிறேன். முதுகில் ஒன்று, முழங்காலில் ஒன்று. கூட்ட நெரிசலில் தெரியாமல் பட்டுவிட்டது என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். பொய். குறி பார்த்துத்தான் அடித்தேன். முழங்காலில் விழுந்தது இன்னும் கொஞ்சம் ஓங்கி விழுந்திருக்கலாம் என்பதைத் தவிர அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் ஒன்றும் இல்லை.

நான் அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டம் எங்கள் வாசலை மிதித்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்துக்குச் சோடா விற்றே வளர்ந்ததால் எனக்குக் குரலும் பெரிது, கோபமும் பெரிது. குரலுக்காக என்னைச் சமுதாய வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். கோபத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். செல்போனில் எல்லோரும் பாட்டு ஏற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்த காலம் அது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகள்தான் எங்கள் நிலையம். எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். கடலைக்கு எப்போது மருந்தடிப்பது, எந்த ஊருக்குத் தடுப்பூசி முகாம் வருகிறது, நடுவில் பெண்கள் பாடுகிற நடவுப் பாட்டு, தாலாட்டு. இவ்வளவுதான் எங்கள் சரக்கு. ஆனால் கேட்டார்கள்.

அந்த வருடம் கார்த்திகையில் அடித்த காற்றில் மாடியிலிருந்த டவர் வளைந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் படுத்துவிட்டது. வானொலி ஊமையாகிவிட்டது. அப்போது சென்னையிலிருந்து ஒருவர் வந்து எங்கள் பாட்டுக்காரப் பெண்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, தலை நரைக்க ஆரம்பித்த மனிதர். படம் முடிந்ததும் அதை டவுனில் ஒரு தியேட்டரில் போட்டு, பாஸ் விற்று, அதில் டவரை நிமிர்த்தலாம் என்று அவர்தான் சொன்னார்.

அந்தப் படத்தில் முக்கியமான குரல் ஒரு அம்மாவுடையது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஊர். நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். கடலை பிடுங்கப் போகிறவள். சுற்று வட்டாரத்தில் யார் செத்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வாயைத் திறந்தால் கல்நெஞ்சக்காரனும் மூக்கைச் சிந்துவான். ஆனால் எங்கள் வானொலியில் அவள் ஒப்பாரி பாடியதே இல்லை. ஒலிபரப்பவும் முடியாது. பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில், விளக்கு வைத்த வீட்டில் ரேடியோவிலிருந்து ஒப்பாரி வந்தால் கேட்கிறவர்கள் எங்களை வெட்டிப் போட்டுவிடுவார்கள். பிணம் இல்லாமல் ஒப்பாரி வைத்தால் அது பிணத்தைத் தேடிக்கொண்டு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அவளுக்கு ஒரே மகள். பக்கத்து ஊரில் டிராக்டர் ஓட்டுகிற ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். கட்டிக்கொடுத்த மூன்றாம் வருடம் மகள் செத்துப்போனாள். வயிற்றுவலி தாங்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்றார்கள். எங்கள் பக்கம் புருஷன் வீட்டில் சாகிற பெண்கள் எல்லோருக்கும் வயிற்றுவலிதான். ஆஸ்பத்திரியில் அறுத்த பிணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சாக்குச் சொல்லி, அவன் வீட்டார் நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். பெரியம்மா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது புகைதான் மிச்சம். ஊரான் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் பாடியவளுக்குத் தன் பெண்ணுக்கு ஒரு வரி பாடக் கொடுத்துவைக்கவில்லை. ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசி விஷயத்தை முடித்தார்கள். வருடம் திரும்புவதற்குள் அவன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

படக்காரர் ஒரு நாள், "ஒப்பாரி ஒன்னு இருந்தா படம் முழுசாகும்" என்றார்.

"செத்தாத்தான் சார் பாடுவாங்க" என்றேன்.

"சும்மா பாடிக் காட்டச் சொல்லுங்களேன்."

அவரை ஒரு அறை விடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா சொன்னாள். "சும்மா எதுக்குப் பாடணும்? எனக்கு ஒரு சாவு பாக்கி இருக்குது."

வீட்டில் பாடமாட்டேன் என்று எங்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனாள். கரையில் குந்தி, முந்தானையை வாயருகே சுருட்டிப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். மைக்கை நான்தான் பிடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக்கு ஒரு சட்டம் உண்டு. யார்மேல் என்ன குறை இருந்தாலும் அதில் வைத்துச் சொல்லலாம். கேட்கிறவன் எவனும் சண்டைக்கு வரக்கூடாது. பஞ்சாயத்தில் வாயைத் திறக்கவிடாதவள்கூடப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் ஏரியில் இறங்கித் தலை முழுகினாள். "நீங்களும் கேட்டீங்க இல்ல, முழுகுங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் துணியோடு தண்ணீரில் இறக்கினாள். கிளம்பும்போது படக்காரர், "போயிட்டு வர்றேம்மா" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது, பேசாமல் போய்விட வேண்டும் என்று வழியில் நான் அவருக்கு விளக்கினேன்.

பாஸ் கொடுக்க ஊர் ஊராகப் போன நாட்களில் பெரியம்மாவும் கூட வந்தாள். ஒரு நாள் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்துக்கொண்டு நேராக அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

"மாப்ள, நான் சினிமால வர்றேன். நீங்க கண்டிப்பா வரணும். பொண்ணையும் இட்டுகினு வாங்க" என்றாள்.

அவன் தட்டை வாங்கிக்கொண்டு சிரித்தான். "அத்தே ஈரோயினி ஆயிட்டாங்களா? வந்துட வேண்டியதுதான்."

தண்ணீர்ச் சொம்போடு புதுப்பெண் வந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். இடது கண்ணுக்குக் கீழே பழைய அடி பச்சையாகக் கன்றிக் கிடந்தது.

"மூஞ்சில இன்னாம்மா?"

"கொழாயாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள், அவனைப் பார்த்துக்கொண்டே.

பெரியம்மா சொம்பை வாங்குகிற சாக்கில் அவள் கையைப் பிடித்து வளையல்களைப் பார்த்தாள். இரண்டும் தங்கம். வேறு எதுவும் கேட்கவில்லை.

தெருமுனை திரும்பியதும் நான் பொரிந்து தள்ளினேன். "அவனுக்குப் போயி வெத்தலப் பாக்கு வெக்கிறீங்களே, உங்களுக்கு ரோசமே இல்லியா பெரிம்மா?"

"அந்த வளையலு எம்பொண்ணுக்கு நான் போட்டது" என்றாள். சற்றுத் தூரம் நடந்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு இப்ப மூணு மாசம் இருக்கும். எம்பொண்ணுக்கும் அப்ப மூணு மாசம்தான்" என்றாள். "அது காதுல வுழணும் பாப்பா. நான் போயிச் சொன்னா கதவச் சாத்திடுவான். அவனே இட்டாந்து உக்கார வெச்சுக் கேக்க வெக்கணும்."

அதன் பிறகு அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருந்த பச்சைதான் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் முன்னால் வந்து நின்றது.

தியேட்டர் முதலாளி வியாழக்கிழமைக் காலைக் காட்சியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை புதுப்படம். வாசலில் தோரணம் கட்டியாகிவிட்டது. "பாட்டுப் படம்தானே, தாராளமாப் போடுங்க" என்றார். என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கூடை நிறையச் சோறு, கையில் குடை. மாப்பிள்ளை பைக்கில் வந்தான். வெள்ளைச் சட்டை, பவுடர். பின்னால் புதுப்பெண் பட்டுப்புடவையில். இரண்டு பேரையும் பால்கனிக்கு அனுப்பினோம். அவன் படியேறிய தோரணையைப் பார்த்தால் தியேட்டரையே அவன் பெயருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது.

படக்காரர் நடு வரிசையில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் புரொஜக்டரை வைத்திருந்தார். சத்தத்துக்குத் தியேட்டர் ஸ்பீக்கர். விளக்கணைந்ததும் பெண்கள் தங்களையே திரையில் பார்த்து விசிலடித்தார்கள். ஒருத்தி எழுந்து நின்று, "அது என் மாடு" என்றாள். சிரிப்பு. பிறகு ஏரிக்கரை வந்தது. பெரியம்மாவின் முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குத் திரையில் நின்றது. வாய் திறந்தது.

கொல்லையில பூத்த பூவே, என் மகளே,
கொழுந்தோட கசங்கினியே.
அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவுல, என் மகளே,
அடிவயித்த மிதிச்சானே.
மருந்து குடிச்சேன்னு, என் மகளே,
மாரடிச்சுச் சொன்னாங்களே.
மருந்து டப்பா தொறக்கலியே, என் மகளே,
மூடிகூடத் திருகலியே.

ஒப்பாரி காதில் விழுந்தால் எங்கள் பெண்களால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க முடியாது. ஒவ்வொருத்தியாக எழுந்து திரைக்கு முன்னால் இருந்த காலி இடத்துக்குப் போய் வட்டமாகக் குந்தினார்கள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். தியேட்டர் சாவு வீடாக மாறிவிட்டது.

பால்கனியில் அந்தப் பெண்ணின் குரல் மெல்லக் கேட்டது. "இது உங்களயா சொல்றாங்க?" உடனே ஓர் அறை விழுந்தது. ஸ்பீக்கர் சத்தத்தையும் மீறி அது கீழே இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தலைகள் திரும்பின. அவன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான்.

முதலில் புரொஜக்டருக்குத்தான் போனான். படக்காரர் அதைக் குழந்தையைப் போலக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் வாயில் ஒரு குத்து. முன்பல் ஒன்று போய்விட்டது. இரத்தம் கழுத்து வரை வழிந்தும் அவர் பிடியை விடவில்லை. ஒரு காலத்தில் அறைய நினைத்த மனிதரை அன்றைக்கு நான் மனசுக்குள் கும்பிட்டேன். நாலு பெண்கள் அவரைச் சுற்றி அரண் கட்டி நின்றுவிட, அவன் திரையை நோக்கி ஓடினான். மேடையேறிப் பெரியம்மாவின் வாய் இருந்த இடத்தில் குத்தினான். திரை அதிர்ந்தது. மறுபடி குத்தினான். தையல் விட்டுக் கிழிந்தது. கிழிசலுக்குள் இரண்டு கையையும் விட்டு வயிறு வரை பிளந்தான். அவள் முகம் இரண்டாகத் தொங்கியது. தொங்கிக்கொண்டே பாடியது. அவன் உள்ளே புகுந்து பின்னால் இருந்த ஸ்பீக்கர்களை உதைக்கிற சத்தம் கேட்டது. பக்கச் சுவர்களில் இருந்த ஸ்பீக்கர்கள் அவனை மதிக்கவேயில்லை.

அடுப்பு சாம்பல் ஆறலியே, என் மகளே,
அதுக்குள்ள பொண்ணு பாத்தான்.

முதலாளி ஓடிவந்தார். "நாளைக்குப் புதுப்படம் போடற எடத்துல ஒப்பாரி வெக்கிறீங்களா? வெளங்குமா என் தொழிலு?" என்று கத்திக்கொண்டே மெயினை இறக்கிவிட்டார். திரையும் குரலும் ஒன்றாக அணைந்தன. கும்மிருட்டு.

ஒப்பாரியை எடுத்தால் நடுவில் விடக்கூடாது. விட்டால் அந்தச் சாவு முடியாது. அதனால்தான் நின்ற இடத்திலிருந்து அது மறுபடி தொடங்கியபோது எங்களில் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. இந்த முறை பின் வரிசையிலிருந்து, மைக் இல்லாமல், பெரியம்மாவே எழுந்து நின்று பாடினாள். இந்த வரிகள் படத்தில் இல்லாதவை.

ஒன் தங்கச்சி ஒருத்தி, என் மகளே,
ஓரமா உக்காந்திருக்கா.
ஒன் வளையலு அவ கையில, என் மகளே,
ஒனக்கு வுழுந்த அடி அவ மேல.

அவன் இருட்டில் அந்தக் குரலைத் தேடி வந்தான். நாற்காலிகள்மேல் மோதி விழுந்து, எழுந்து வந்தான். யாரோ பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெயில் உள்ளே பாய்ந்தது. அவன் பெரியம்மாவின் கொண்டையைக் கையில் சுற்றி, அவள் தலையை நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் மோதுவதைப் பார்த்தேன். ஒரு தடவை. மறு தடவை. நெற்றி பிளந்து இரத்தம் புருவத்தில் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் தடவைக்கு அவன் தலையைத் தூக்கும்போதுதான், காலையில் வரவேற்றுப் பேசிவிட்டு நான் ஓரமாகச் சாத்திவைத்திருந்த மைக் ஸ்டாண்ட் என் கைக்கு வந்தது. முதுகில் ஒன்று. அவன் திரும்பினான். முழங்காலில் ஒன்று. விழுந்தான்.

அதற்குப் பிறகு அவனை நான் அடிக்கவில்லை. அடிக்க இடம் கிடைக்கவில்லை. செருப்பு, குடை, சோற்றுத் தூக்கு என்று கையில் எது இருந்ததோ அதனால் பெண்கள் அவனைப் புடைத்தெடுத்தார்கள். யாரும் கத்தவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள். அது அவன் ஒருவனுக்கு மட்டும் விழுந்த அடி இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு வயிற்றுவலி இருந்தது. டிக்கெட் கூட்டத்தை ஒழுங்குபடுத்த வைத்திருந்த பிரம்புகளோடு தியேட்டர் ஆட்கள் வந்து எங்கள்மேல் விளாசினார்கள். கழுத்தில், தோளில், குறுக்கே கை நீட்டியவர்களின் விரல்களில். என் இடது சுண்டுவிரல் அன்றைக்கு ஒடிந்தது. இன்றும் அது மடங்காது. டீ கிளாஸைப் பிடிக்கும்போது பெரிய இடத்துப் பெண் மாதிரி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

அத்தனை அடிதடிக்கும் நடுவில் பெரியம்மா தன் மகளைக் குளிப்பாட்டி, பூ வைத்து, பாடையில் ஏற்றி, வழியனுப்புகிற வரி வரைக்கும் பாடி முடித்தாள். முந்தானையால் இரத்தத்தைத் துடைத்தாள். "முடிஞ்சிச்சி" என்றாள்.

சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. நாங்கள் வெளியே வந்து வரிசையாக அதனருகே நின்றோம். பிளாஸ்டிக் ஜக்கால் ஒருத்தி தலையில் ஒருத்தி ஊற்றினோம். கட்டிவந்த நல்ல புடவையோடு, பிரம்படி எரிய எரிய. வாசலில் முதலாளி திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயை ஓங்கி உடைத்துக்கொண்டிருந்தார். ஒன்று போதாதென்று இன்னொன்றுக்கு ஆள் அனுப்பினார். படக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு வந்து தலையைக் குனிந்தார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் பால்கனிப் படியில் தனியாக இறங்கி வந்தாள். உதடு வெடித்திருந்தது. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. தொட்டிக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டாள். அவன் தன் பைக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை சிவப்பாகியிருந்தது.

பெரியம்மா ஜக்கைத் தொட்டியில் முக்கி எடுத்தாள். "வாம்மா. நீயும் கேட்ட இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். அவள் வராவிட்டால் அன்றைக்கு விழுந்த அடி எல்லாம் வீண்தான். மெல்ல வந்து தலையைக் குனிந்தாள். பெரியம்மா ஊற்றினாள். முகத்திலிருந்த பவுடர் கரைந்து, பழைய பச்சையும் புதுச் சிவப்பும் வெளியே வந்தன. நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

பிறகு பஞ்சாயத்து வந்தது, போலீஸ் வந்தது, அவள் அப்பன் வீட்டார் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் அவள் பெரியம்மா வீட்டு வாசலில் நின்றுதான் பதில் சொன்னாள். எங்கள் டவரும் ஒரு வழியாக நிமிர்ந்தது. அதையெல்லாம்விட வேன் கிளம்பிய நேரம்தான் எனக்கு மறக்காமல் இருக்கிறது.

பெண்கள் ஈரத்தோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா முன் சீட்டில். அந்தப் பெண் வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"ஏய், எங்க போற? வந்து வண்டில ஏறு" என்றான் அவன், தரையிலிருந்தே.

அவள் உடம்பு தானாகத் திரும்பியது. எங்கே போனாலும் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளை அவன் அடித்துப் பழக்கியிருந்தான்.

"நான் போயிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

பெரியம்மா கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தாள்.

"சாவு வூட்லேர்ந்து கெளம்பறப்போ சொல்லிக்கக் கூடாதும்மா" என்றாள். "ஏறு."